வைக்கோல் நிறம்

வெங்கடாபுரம், அம்பத்தூர்
14.6.1986

ஐயா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. குமணன்சாவடி ஹார்டுவேர் கடைக்காரர் வேம்புலிக்கும் தெரியவில்லை, அல்லது சொல்ல மனமில்லை. "நெமிலிச்சேரி டேஷனாண்ட உளிப் பட்டறைன்னு போடும்மா, போய்ச் சேந்துரும்" என்றார். அப்படியே போட்டிருக்கிறேன்.

நான் இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். மரவேலை என் பொழுதுபோக்கு. இதைப் படித்ததும் சிரிப்பு வரும். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

வேம்புலி கடையில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய உளிகள் கிடந்தன. உளி என்று அவர் சொன்னதால் நானும் அப்படியே எழுதுகிறேன். தகரத்தை நறுக்கி, ஒரு முனையில் சிவப்புப் பெயின்ட் அடித்த சாமான்கள். அவற்றால் இட்டிலி மாவைக்கூட நேராக வெட்ட முடியாது. அந்த வாளியின் அடியில் துரு ஏறிப்போய் ஒன்று கிடந்தது. துடைத்துப் பார்த்தேன். "பா" என்று ஓர் எழுத்து அடித்திருந்தது. விலை கேட்டதற்கு, "ஊட்டுக்காரரு ஆசாரியாம்மா? அவர அனுப்பு, நான் பேசிக்கிறேன்" என்றார். என் கணவர் அருள்தாஸ் சைக்கிள் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். ஆணி அடிக்கச் சொன்னாலே சுவருக்குத்தான் சேதம். இதையெல்லாம் வேம்புலிக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கல்லில் தீட்டி, வேங்கைக் கட்டையின் குறுக்கு முகத்தில் வைத்துத் தள்ளினேன். வேங்கை எவ்வளவு முரட்டு மரம் என்று உங்களுக்கே தெரியும். வெட்டிய இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. மாலை முழுவதும் அதே கட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். மறுநாளும் தீட்டத் தேவைப்படவில்லை. இங்கிலாந்து உளி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பிடி! எஃகைச் செய்தவரும் பிடியைச் செய்தவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்று நம்ப விரும்புகிறேன். விறகை எடுத்துச் சொருகியதுபோல் இருக்கிறது. உங்களிடம் வேறு அளவுகளில் உளிகள் இருந்தால் எனக்கு வேண்டும். பிடி வேண்டாம். அதை நானே செய்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஞானகுமாரி அருள்தாஸ்


நெமிலிச்சேரி
27.6.1986

டீச்சரம்மா அவர்களுக்குப் பால்ராஜ் எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அவ்வளவு ஓய்வு கிடையாது.

பிடியும் நான் செய்ததுதான். வேம்புலி கடைக்கு வருகிறவர்கள் உளியை மரக் கொட்டாப்புளியால் தட்ட மாட்டார்கள். சுத்தியலால் அடிப்பார்கள், சுத்தியல் இல்லாவிட்டால் செங்கல்லால் அடிப்பார்கள். செங்கல்லுக்குத் தகுந்த பிடியைப் போட்டேன். உங்களைப் போல் மாலை முழுவதும் ஒரே கட்டையை வெட்டி ரசிக்கிறவர்கள் இந்தப் பக்கம் இருப்பார்கள் என்று நான் கனவு காணவில்லை.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரும்புக்குப் பதம் போடும் பிரிவில் ஃபோர்மேனாக இருந்தேன். சரக்கு லாரி ஏறினால் போதும், பதம் எப்படி இருந்தால் என்ன என்றார்கள். வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டுக்குப் பின்னால் உலை போட்டுக்கொண்டேன். நல்ல எஃகு வாங்கி, உளியும் இழைப்புளியும் செய்கிறேன். உளியால் பெயின்ட் டப்பா திறக்கிறவர்களுக்கு விற்பதில்லை. வேம்புலி கடையில் நாலு உளி போட்டது என் மனைவி அன்னம்மாளின் பிடுங்கலால். அதோடு முடிந்தது.

உங்களுக்கு விற்பதா வேண்டாமா என்று நான் தீர்மானிக்க வேண்டும். அந்த உளியால் ஒரு புறாவால் மூட்டு, ஆணி இல்லாமல் இரண்டு பலகையைக் கோக்கிற மூட்டு, வெட்டி எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நேரில் வர வேண்டாம். பட்டறையை இருட்டாக வைத்திருக்கிறேன். யாராவது கதவைத் திறந்தால் வெளிச்சம் விழுந்து சூட்டின் நிறம் தெரியாமல் போகும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களால் நான் இழந்த உளிகளை வைத்து ஒரு கடையே போடலாம்.

பால்ராஜ்


வெங்கடாபுரம்
19.7.1986

பால்ராஜ் அவர்களுக்கு,

மூட்டு அனுப்பியிருக்கிறேன். தேக்கு. பள்ளியில் பரீட்சை வைப்பது நான். எனக்குப் பரீட்சை வைக்கிற துணிச்சல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதி முடித்துவிட்டேன்.

இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். டீச்சர்களுக்குக் கோடை விடுமுறையில் கைத்தொழில் பயிற்சி என்று ஒன்று வைத்தார்கள். மற்றவர்கள் ஒயர் கூடை பின்னப் போனார்கள். அந்த அறையில் இடமில்லாததால் என்னை மரவேலைக்குத் தள்ளினார்கள். இழைப்புளியைத் தள்ளியதும் சுருள் சுருளாக மரம் வந்தது. அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, மேசை போட்டு, எல்லாம் வாங்கிவிட்டேன். என் கணவர் அதை "உன் ஒர்க்ஷாப்பு" என்று சொல்வார், குழந்தையின் சொப்புச் சாமானைச் சொல்வதுபோல.

போன மாதம் ஆவடியில் கைவினைக் கண்காட்சி. என் பெட்டிக்கு ஆறுதல் பரிசு. முதல் பரிசு தீக்குச்சியால் செய்த தாஜ்மகாலுக்கு. நடுவர் என் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "ஆணி எங்கேம்மா?" என்று கேட்டார். ஆணி இல்லாமல் செய்திருக்கிறேன் என்றேன். "அப்ப நிக்காதே" என்றார். பெட்டி அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தது.

ஞானகுமாரி


நெமிலிச்சேரி
8.8.1986

டீச்சரம்மா அவர்களுக்கு,

மூட்டைப் பார்த்தேன். இடது பக்கம் இடைவெளி. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்திருக்கிறீர்கள். இடைவெளி விட்டதுகூடப் பரவாயில்லை. அடைத்தால் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கோடு சுத்தமாக இருக்கிறது. கணக்கு டீச்சர் கோடு போடுவது பெரிய சங்கதி இல்லை. ரம்பம் பிடிக்கிற கை மட்டும் ரேஷன் கடையில் பை பிடிக்கிற கை மாதிரி இருக்கிறது.

நாலு உளி அனுப்பியிருக்கிறேன். பூண் போட்டிருக்கிறேன், பிடி போடவில்லை. விறகு என்று எழுதினீர்கள் அல்லவா, நீங்கள் செய்கிற பிடி சந்தனமாக இருக்கும், பார்ப்போம். அடுத்த மூட்டையும் அனுப்புங்கள். அடைக்காமல் அனுப்புங்கள்.

உங்கள் கடிதத்தை அன்னம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். தீக்குச்சி தாஜ்மகாலுக்கு ரொம்ப நேரம் சிரித்தாள்.

பால்ராஜ்


வெங்கடாபுரம்
22.12.1987

பிடிவாதக்காரர் பால்ராஜ் அவர்களுக்கு,

உங்களுக்கும் அன்னம்மாளுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கேக் அனுப்பலாம் என்றால் தபாலில் தூளாகிவிடும். நீங்கள் அதிலும் இடைவெளி கண்டுபிடிப்பீர்கள்.

இழைப்புளி வந்து சேர்ந்தது. அதைப் பற்றி எழுதாமல் இரண்டு வாரம் இருந்தேன், உங்களுக்குத் தலைக்கனம் ஏறக் கூடாது என்று. இனி முடியவில்லை. பூவரசில் ஓட்டினேன். வந்த சுருளைச் செய்தித்தாளின்மேல் வைத்தால் கீழே இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிறது. அடிப்பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அலகைப் பிடிக்கும் ஆப்பு கை விரலாலேயே இறுகுகிறது. இதைச் செய்தவருக்கு ஒரு நல்ல வார்த்தைகூடப் பேசத் தெரியாது என்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேனே. ஆராதனை முடிந்து என் ஷெட்டில் கூடுகிறவர்கள். பாதிப் பேருக்கு மரம் எது, பலகை எது என்று தெரியாது. ஒருவர் புதிதாக வாங்கிய ரம்பத்தை எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார், அதைக் கொண்டு வெட்டினால் அழுக்காகிவிடுமாம். ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி டேவிட் என்பவர் தன் தாத்தா காலத்து வெள்ளைக்கார உளியைக் கொண்டுவந்து, உலகத்தில் இதற்குமேல் கிடையாது என்றார். அவருடையதையும் உங்களுடையதையும் ஒரே கல்லில் தீட்டி, ஒரே வேங்கைக் கட்டையில் வெட்டினோம். அவருடையது முதலில் மழுங்கியது. மனிதர் காபி குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். மறுவாரம் வந்து உங்கள் விலாசம் கேட்டார்.

பழைய புத்தகக் கடையில் எனக்கு ஒரு கருவிப் புத்தகம் கிடைத்திருக்கிறது. அதில் செய்தவர்களின் பெயர், ஊர், ஒவ்வொருவரின் முத்திரை என்ன, யாருடைய எஃகு எந்த வருடம் கெட்டுப்போனது என்பதுவரை இருக்கிறது. சமையல் புத்தகத்தைக்கூட நான் இப்படிப் படித்ததில்லை என்கிறார் அருள்தாஸ். உண்மைதான். அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் "பா, நெமிலிச்சேரி" என்று எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் "வாய்த்துடுக்கு அதிகம்" என்றும் எழுதியிருக்கிறேன்.

ஞானகுமாரி


நெமிலிச்சேரி
11.1.1988

டீச்சரம்மாவுக்கு,

டேவிட்டுக்கு இரண்டு உளி அனுப்பினேன். ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுச் சுற்றுகிறவருக்கு அனுப்ப முடியாது. அவர் என் உளிக்கு ஜிப்பா தைத்துவிடுவார். மற்றவர்களுக்கு நீங்கள் பொறுப்பு என்றால் செய்து தருகிறேன். உங்கள் வார்த்தைக்காகத்தான்.

வேம்புலி நேற்று வந்தான். உளி அடிக்கிற பிரஸ் மிஷின் ஒன்று வாங்கப் போகிறானாம், என்னைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்கிறானாம். "அண்ணாத்தே, மிஷினு அடிச்சிக்கினே கீதும். நீ சும்மா நின்னு பாத்துக்கினா போதும்" என்றான். சும்மா நிற்பதற்கு லைட் கம்பத்தைக் கூப்பிட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். அன்னம்மாள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

உங்கள் கடிதம் வந்தால் அவளே பிரித்துவிடுகிறாள். படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டி, "இன்னிக்கி இன்னா திட்டிக்கிறாங்க, படி" என்பாள். திட்டு குறைவாக இருந்தால் அவளுக்கு ஏமாற்றம். எனக்கும்தான்.

பால்ராஜ்


வெங்கடாபுரம்
6.3.1990

பால்ராஜ் அவர்களுக்கு,

தீபாவளிக்குப் பிறகு வந்த உளிகளில் ஏதோ சரியில்லை. தீட்டியதும் நன்றாக வெட்டுகிறது. பத்துத் தட்டுத் தட்டுவதற்குள் முனை மடிந்துகொள்கிறது. உடையவில்லை, மடிகிறது. டேவிட்டும் இதையே சொல்கிறார். முதலில் அவருடைய கல்தான் காரணம் என்று அவரை நன்றாகத் திட்டிவிட்டேன். பிறகு என்னுடையதும் மடிந்தது.

சரிபாருங்கள்.

ஞானகுமாரி


நெமிலிச்சேரி
15.3.1990

டீச்சரம்மாவுக்கு,

சரிபார்க்க வேண்டியது உளியை அல்ல. தீட்டுகிற கோணத்தை. முனையைச் சினிமாக்காரியின் புருவம் மாதிரி மெலிதாக்கிவிட்டு, மடிகிறது என்று எழுதுகிறீர்கள். நாலு வருஷமாக உளி பிடித்தால் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் வருவது இயற்கை. நான் முப்பது வருஷமாக நெருப்பின் முன்னால் நிற்கிறேன். எனக்கு அந்த எண்ணம் இன்னும் வரவில்லை.

என் பதத்தில் தப்பு கிடையாது.

பால்ராஜ்


வெங்கடாபுரம்
2.5.1990

திரு. பால்ராஜ் அவர்களுக்கு,

கோணமானி வைத்து அளந்தேன். பழைய உளியையும் புதிய உளியையும் ஒரே கோணத்தில் தீட்டினேன். பழையது நிற்கிறது. புதியது ஈயம் மாதிரி மடிகிறது. என் கையில் தப்பில்லை. நான் கணக்கு டீச்சர். ஒன்றை மாற்றாமல் வைத்து இன்னொன்றை மாற்றிப் பார்க்க எனக்குத் தெரியும்.

எஃகு மாறியிருக்கிறது. நல்ல எஃகை நிறுத்திவிட்டு பழைய லாரி ஸ்ப்ரிங் பட்டையை அடித்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறீர்கள். பெயர் வந்தாகிவிட்டது, இனி எதைக் கொடுத்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியங்கள் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். வேம்புலியாவது வாளியில் போட்டு விற்கிறார். அவரிடம் ஏமாறுகிறவர்கள் தெரிந்தே ஏமாறுகிறார்கள். "பா" என்று முத்திரை குத்தித் திருடுவதற்கு வேறு துணிச்சல் வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் வார்த்தைக்காக வாங்கியவர்கள். அவர்கள் வாங்கியதையெல்லாம் திருப்பி அனுப்புகிறார்கள். புத்தகத்தின் ஓரத்தில் நான் எழுதியிருந்ததையும் அழித்துவிட்டேன்.

ஞானகுமாரி


நெமிலிச்சேரி
17.9.1990

டீச்சரம்மாவுக்கு,

உளிகள் வந்து சேர்ந்தன. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் ஒன்றைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்ததில் ஒன்றை எடுத்து நானே தீட்டி வெட்டினேன். மடிந்தது. எஃகு அதே எஃகுதான், அதே வியாபாரி. பதம்தான் தப்பு. எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி உலையை மூட்டி, பாலிஷ் போட்ட உளியை வைத்துவிட்டு, அன்னம்மாளைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறம் வரும். அந்த நிமிஷம் எடுத்துத் தண்ணீரில் விட வேண்டும். அந்த நிமிஷத்தைத் தவறவிட்டால் பழுப்பு, பிறகு ஊதா. ஊதாவுக்குப் போனால் கடினம் குறைந்து, உளி ஸ்ப்ரிங்குக்குத்தான் ஆகும்.

வைக்கோல் நிறம் வந்ததும் சொல் என்றேன். அவள், "அது எப்பவோ வந்து பூட்ச்சே. இப்ப கத்திரிப்பூ மாதிரி கீது" என்றாள். எனக்கு அப்போதுதான் லேசாக ஏதோ நிறம் மாறுவதுபோல் இருந்தது.

பட்டாபிராமில் டாக்டரிடம் காட்டினேன். இரண்டு கண்ணிலும் புரை. எல்லாமே மஞ்சளாகத் தெரிவதால் மஞ்சள் எனக்குத் தனியாகத் தெரியாதாம். ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கும் என்றார். உங்கள் மார்ச் மாதக் கடிதத்துக்கு நான் எழுதிய பதில் தப்பு.

பட்டறையை மூடிவிட்டேன். வேம்புலி திருமுல்லைவாயிலில் ஆரம்பித்திருக்கிற தொழிற்சாலைக்குப் பதம் போடும் பிரிவுக்குப் போகிறேன். அங்கே மின்சார உலை. சூடு எவ்வளவு என்று முள் காட்டும். கண் வேண்டாம்.

பால்ராஜ்


வெங்கடாபுரம்
21.9.1990

பால்ராஜ் அவர்களுக்கு,

உங்களைப் போன்ற முட்டாளை நான் பார்த்ததே இல்லை. கண்ணில் புரையை வைத்துக்கொண்டு என் தீட்டுக்கோணத்தைக் குறை சொன்னீர்களே! பேருந்தின் நம்பர் தெரியாதபோதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? அன்னம்மாள் முகம் மஞ்சளாகத் தெரிந்தபோது என்ன, அவள் அதிகமாக மஞ்சள் பூசியிருக்கிறாள் என்று நினைத்தீர்களா?

புரை ஒரு வியாதியே இல்லை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் தினமும் ஆபரேஷன் செய்கிறார்கள். எங்கள் தலைமையாசிரியைக்குச் செய்து, இப்போது பெஞ்சுக்கு அடியில் விழுந்த குண்டூசியைக்கூடக் கண்டுபிடித்துத் திட்டுகிறார். உடனே போய்ச் செய்துகொள்ளுங்கள். செய்துகொண்டு வந்து உலையை மூட்டுங்கள்.

வேம்புலியிடம் போவதைப் பற்றி எழுதவே எனக்குக் கை கூசுகிறது. சிவப்புப் பெயின்ட் அடித்த தகரத்துக்கு நீங்கள் பதம் போடுவதா? முள் காட்டுமாம். முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்க உங்களுக்கு வெட்கமாக இருக்காதா? உங்கள் பழைய உளியை இன்று காலைகூடத் தீட்டினேன். இதைச் செய்த கை அங்கே போய் ஒரு வேலை செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கு ஒரு செட் உளி வேண்டும். ஆர்டராக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாதம் ஆனாலும் பரவாயில்லை.

ஞானகுமாரி


நெமிலிச்சேரி
4.4.1991

டீச்சரம்மாவுக்கு,

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆயிற்று. தடிக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். நன்றாகத் தெரிகிறது. வீட்டுச் சுவர் இவ்வளவு அழுக்காக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. விட்டுப்போன வருஷங்களுக்கும் சேர்த்து வெள்ளையடித்தேன். உலையில் எஃகை வைத்துப் பார்த்தேன். வைக்கோல் நிறம் தெரிகிறது, முன்பைவிடச் சுத்தமாக.

ஆனால் உங்கள் ஆர்டரை எடுத்துக்கொள்ள முடியாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன மே மாதக் கடிதத்தில் எஃகைப் பற்றி எழுதியது பாதி, என்னைப் பற்றி எழுதியது பாதி. எஃகைப் பற்றி எழுதியது சரி, அதை ஒப்புக்கொண்டு பதிலும் போட்டேன். மற்றப் பாதியைப் பற்றி நீங்கள் ஏதாவது எழுதுவீர்கள் என்று நினைத்தேன். செப்டம்பர் கடிதம் வந்தது. அன்னம்மாள் பிரித்துக் கொடுத்தாள். படித்துக் காட்டினேன். முட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முடித்த பிறகு அவள், "அவ்ளோதானா? திருடன்னு சொன்னாங்களே, அதுக்கு ஒண்ணுமில்லியா?" என்று கேட்டாள். இன்னொரு தடவை படித்தேன். ஒன்றும் இல்லை.

நான் உங்களைக் கை வராதவர் என்று எழுதியிருக்கிறேன். கண் தெரியாமல் உங்கள்மேல் பழியும் போட்டேன். ஆனால் யோக்கியம் இல்லாதவர் என்று ஒரு நாளும் எழுதியதில்லை. அப்படி நினைக்க எனக்குத் தோன்றியதும் இல்லை. உங்களுக்கு முதலில் அதுதான் தோன்றியது. பதம் கெட்டால் பதம் போடுகிறவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்குப் பதிலாக, அவன் திருடுகிறான் என்று ஊர் கூட்டிச் சொல்லத் தோன்றியது.

உங்களுக்கு என் உளிமேல் பிரியம். அதை நான் என்மேல் இருக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் கணக்குத் தப்பு.

வேம்புலி நல்லவன் இல்லை. ஆனால் அவன் என்னை அண்ணாத்தே என்று கூப்பிடுகிறான், ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்திருந்தான். இப்போது அவனுடைய உளிக்குத் தகரம் கிடையாது. நல்ல எஃகு வாங்க வைத்திருக்கிறேன். அதற்காக அவனோடு ஒரு மாதம் சண்டை போட்டேன்.

பால்ராஜ்


வெங்கடாபுரம்
20.2.1992

அன்புள்ள பால்ராஜ் அவர்களுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் தேட வேண்டாம். எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். அருள்தாஸ் வாசல் பக்கம் குப்பைக்கூடையைக் காலி செய்யும்போதெல்லாம், "யாருக்கும்மா இத்தனை லெட்டரு?" என்று கேட்டார். சொன்னேன். "ஸாரின்னு ஒரு வரி எழுதிப் போட்டா முடிஞ்சுது" என்றார். அவருக்கு எல்லாமே ஒரு வரிதான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே போனேன். பால்ராஜ் எஃகை மாற்றவில்லை, அவருக்குக் கண் தெரியவில்லை, திருட்டு என்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். டேவிட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "முதலிலேயே அவரைக் கேட்டிருக்கலாமே" என்றார். அந்த மனிதருக்குத் தாத்தா உளியைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்று நான் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குமணன்சாவடிக்குப் போய் உங்கள் தொழிற்சாலை உளி ஒன்று வாங்கினேன். வேம்புலி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஊட்டுக்காரரு சௌக்கியமா?" என்று கேட்டார். உளி அட்டைப்பெட்டியில், சிங்கம் படம் போட்டு வருகிறது. படத்தில் இருப்பது சிங்கமா, முடி வெட்டாத ஆடா என்று தெரியவில்லை. முதுகுப் பக்கம் சமமாக இல்லை. சரியாக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் வேங்கையில் வெட்டினேன். முனை மடியவில்லை. மறுநாளும் மடியவில்லை. எங்கள் தெருவில் ஜன்னல் செய்ய வந்த தச்சர் வீராசாமியிடமும் இதே உளி இருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "முன்னெல்லாம் தீட்டறதுலயே பாதி நாளு பூடும். இப்ப வேல ஓடுது" என்றார். இதை அன்னம்மாளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

போன வாரம் பள்ளி விட்டதும் ரயிலேறித் திருமுல்லைவாயிலுக்கு வந்தேன். தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். ஷிப்டு முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். தடிக் கண்ணாடி போட்டவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் உயரமா குட்டையா என்றுகூட நான் கேட்டதில்லை. யாரையும் கூப்பிடத் துணிச்சல் வராமல் திரும்பிவிட்டேன்.

கண் இப்போது எப்படி இருக்கிறது? சொட்டு மருந்து விடுகிறார்களா? அன்னம்மாள் உங்களோடு பேசுகிறாளா? உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா? இதையெல்லாம் முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். பிடியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆர்டர் கேட்டு இதை எழுதவில்லை. இந்தக் கடிதத்தில் எரிச்சலூட்டுகிற மாதிரி நிறைய எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. சிங்கத்தைப் பற்றி எழுதியது வேண்டுமென்றேதான். கோபம் வந்தால் நல்லது. பழைய மாதிரி நாலு வரி திட்டி எழுதுங்கள். எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி. வீட்டு விலாசம் மாறியிருக்குமோ என்று இதைத் தொழிற்சாலைக்கே அனுப்புகிறேன்.

உங்கள் அன்புள்ள,
ஞானகுமாரி


வேம்புலி டூல்ஸ்
திருமுல்லைவாயில்
3.3.1992

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்களின் 20.2.92 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றோம். எங்கள் தயாரிப்பின்மீது தாங்கள் கொண்டுள்ள ஆர்வத்துக்கு மிக்க நன்றி.

உளியின் முதுகுப் பக்கம் குறித்தும் அட்டைப்பெட்டியின் படம் குறித்தும் தாங்கள் தெரிவித்துள்ள மேலான ஆலோசனைகள் உரிய பிரிவின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும். எங்கள் உளிகள் அனைத்து முன்னணி ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும்.

தங்கள் நல்லாதரவை என்றும் நாடும்,

பால்ராஜ்
ஒர்க்ஸ் மேனேஜர்